ஒரே ஒரு காட்சி: பாம்பன் கரையில் கதைப் படம் எடுக்கப் பழகுவோருக்கு

பாம்பன் பாலம், 1964 புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயச் சுவர், அரிச்சல்முனை, விடியலில் திரும்பும் வள்ளங்கள். இராமநாதபுரம் கடற்கரையில் மாணவர்கள் எடுக்கும் முதல் குறும்படங்களில் இவையெல்லாம் வரும். பின்னால் இசை ஓடும். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பார்த்து முடித்தவரிடம் ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. இந்தக் கரையில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் நல்ல ஃப்ரேம் கிடைத்துவிடுகிறது. ஃப்ரேம் கிடைத்ததும் படமே கிடைத்துவிட்டதாகத் தோன்றிவிடும். கற்கத் தொடங்குபவருக்கு அதுதான் முதல் தடங்கல்.

கதைப் படத்தில் ஒருவருக்கு ஒன்று வேண்டும். அது சுலபத்தில் கிடைக்காது. கிடைப்பதற்காக அவர் எதையோ செய்கிறார், அதனால் நிலைமை மாறுகிறது. இதில் எதை, எப்போது, எவ்வளவு பார்வையாளருக்குத் தெரியப்படுத்துவது என்று முடிவு செய்வதுதான் இயக்குநரின் வேலை. லென்ஸ், வெளிச்சம், ஒலி, கட் எல்லாம் அந்த முடிவை நிறைவேற்ற இருப்பவை. இது பிடிபட்டுவிட்டால் கையில் இருப்பது போனா, பெரிய கேமராவா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் பயிற்சிக்கு இருபது நிமிடப் படம் வேண்டாம். மூன்று நிமிடத்துக்குள் முடியும் ஒரு காட்சி போதும்: இரண்டு நடிகர்கள், ஒரே இடம், ஒரு காலை நேரம். நீளமான படத்தில் எது எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டு நிமிடக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் தவறு தானாகக் கண்ணில் படும்.

காட்சி என்றால் என்ன

ஒரே இடத்தில், இடைவெளி விடாத ஒரே நேரத்தில் நடப்பது காட்சி. இது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி முக்கியம்: காட்சி தொடங்கும்போது இருந்த ஏதோ ஒன்று, முடியும்போது மாறியிருக்க வேண்டும். பணம் கைமாறலாம், உறவு முறியலாம், ஒருவருக்கு அதுவரை தெரியாதது தெரியவரலாம். எதுவுமே மாறவில்லை என்றால் அதை எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் எடிட்டிங்கில் தூக்கிவிடலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது.

காட்சிகளைக் கோக்கும்போது ஒரு சோதனை உதவும். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே ‘அப்புறம்’ என்று மட்டுமே சொல்ல முடிகிறதென்றால் அவை வெறும் சம்பவங்கள். ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ என்று சொல்ல முடிந்தால் கதை நகர்கிறது.

இனி ஓர் உதாரணக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நாட்டுப்படகுக்காரர்களில் பலர் வலைக்கும் என்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். முன்பணம் வாங்கியவர் பிடித்து வந்ததை அந்த வியாபாரியிடமே போட வேண்டும் என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அதைத் தாண்டிப் போக நினைக்கும் ஒரு பெண்ணை வைத்து எழுதியது இது:

வெளி / பாம்பன் தெற்குவாடிக் கரை / காலை

ஏலம் முடியும் நேரம். ஜெனி (17), தோளில் கல்லூரிப் பை, இரண்டு கையிலும் தூக்கிய நண்டுக் கூடை. வியாபாரியின் தராசைக் கடந்து, வெளியூர் வண்டி நிற்கும் பக்கம் நடக்கிறாள்.

வியாபாரி: ஜெனி… தராசு இங்கயில்ல இருக்கு.

நிற்கிறாள். திரும்பி வந்து கூடையைத் தராசில் வைக்கிறாள். எண் ஏறி, இறங்கி, நிற்கிறது.

ஜெனி: இன்னைக்கு மட்டும் கையில குடுத்துருங்க மாமா. பீஸ் கட்டக் கடைசி நாளு. அப்பாட்ட இல்லையாம்.

வியாபாரி பதில் சொல்லாமல் நோட்டைப் புரட்டுகிறார். ஒரு வரியில் விரலை வைத்து அவள் பக்கம் திருப்புகிறார். நேற்றைய தேதி. 3,000. ‘ஜெனி பீஸ்.’ பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து.

வியாபாரி: நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாப்லயே.

ஜெனி நோட்டைப் பார்க்கிறாள். பையின் பட்டையை இறுக்கிப் பிடிக்கிறாள்.

ஜெனி: …ஆமா மாமா. சொன்னாங்க.

அவ்வளவுதான். ஜெனிக்கு வேண்டியது ரொக்கம், வெளியூர் வண்டியில் விற்றால் அது கையில் கிடைக்கும். தடை, அப்பாவின் கடன். அவசரம், கடைசி நாள். மாறுவது அவளுக்குத் தெரிந்த விஷயம்: பணம் இல்லை என்று சொன்ன அப்பா அவள் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறார். அதை வியாபாரியிடம் காட்டிக்கொடுக்காமல் அவள் பொய் சொல்கிறாள். கடைசி வரி பொய் என்று பார்வையாளருக்கு எப்படித் தெரியும்? ‘அப்பாட்ட இல்லையாம்’ என்று அவளே முன்பு சொன்னதால். அந்த இரண்டு சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள், ‘சொன்னாங்க’ என்பது வெறும் பதிலாகிவிடும். திரைக்கதையில் விதைப்பது என்பது இதுதான். 3,000 ரூபாய் எங்கே போனது என்ற கேள்வி அடுத்த காட்சியைத் தானே இழுத்து வரும்.

எழுதும்போது கண்ணால் பார்க்கக்கூடியதையும் காதால் கேட்கக்கூடியதையும் மட்டும் எழுதுங்கள். ‘ஜெனி மனம் நொறுங்கினாள்’ என்பதை கேமரா எடுக்காது. ‘பட்டையை இறுக்கிப் பிடிக்கிறாள்’ என்பதை எடுக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். வசனம் குறைந்து செயல் மிகுந்த காட்சி அதைவிட நீளும். மேலே உள்ளது அரைப் பக்கம்தான், திரையில் ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாது. வசனத்தை உள்ளூர்ப் பேச்சிலேயே எழுதுங்கள். கரையில் யாரும் சினிமாவில் கேட்ட மதுரைத் தமிழ் பேசுவதில்லை. எழுதியதை அங்குள்ள ஒருவரிடம் வாசித்துக் காட்டினால் எந்தச் சொல் ஒட்டவில்லை என்று உடனே சொல்லிவிடுவார்.

ஷாட்டாகப் பிரிப்பது

கேமராவை ஓடவிட்டு நிறுத்தும் வரை எடுக்கும் ஒரு துண்டுதான் ஷாட். எழுதிய காட்சியை ஷாட்டாகப் பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும். முதலில் ஒரு வைட், அதாவது தள்ளி நின்று எல்லாவற்றையும் காட்டும் ஷாட்: கூட்டம், தராசு, வண்டி, ஜெனி நுழைவது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை இந்த ஒரே ஷாட் புரியவைக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் வரும் எதுவும் ஒட்டாது. அடுத்து, நடந்துவரும் ஜெனி இடுப்பு வரை. அவள் பார்வை போகும் பக்கம் வெளியூர் வண்டி. மறுபடி அதே இடுப்பு வரை ஷாட்டில் ஜெனி, வியாபாரியின் குரல் ஃப்ரேமுக்கு வெளியிலிருந்து வருகிறது, அவள் நிற்கிறாள். இங்கே வியாபாரியின் முகத்தைக் காட்டக் கூடாது. மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரியும் அந்த நொடியில் நாம் அவள் பக்கம் இருக்க வேண்டும். பிறகு தராசுக்கு இருபுறமும் இருவரும் நிற்கும் ஷாட், தராசின் எண், வியாபாரியின் தோள் வழியாக ஜெனி, ஜெனியின் தோள் வழியாக வியாபாரி. இந்தத் தோள்வழி ஷாட்டை யூனிட்டில் ‘சஜஷன்’ என்பார்கள். பின்பு நோட்டு. பின்பு ஜெனியின் க்ளோஸப். கடைசியாகப் பட்டையைப் பிடிக்கும் கை.

மொத்தம் பத்து. க்ளோஸப் ஒன்றே ஒன்றுதான், அதுவும் நோட்டைப் பார்த்த பிறகு. தொடக்கம் முதலே முகத்தை நெருக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தால், உண்மையிலேயே நெருங்க வேண்டிய இடம் வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு இது.

நோட்டு ஷாட்டுக்குத் தனிக் கவனம் தேவை. எழுத்து தடித்த பேனாவில், வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும். அந்த வரியை மனதுக்குள் இரண்டு முறை வாசித்து முடிக்கும் நேரம் ஷாட் திரையில் நிற்க வேண்டும். எழுதியவருக்கு என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும், அதனால் அவர் எப்போதும் சீக்கிரமே வெட்டிவிடுவார். வியாபாரியின் விரல் வரிக்குக் கீழே இருக்கட்டும், மேலே வைத்தால் எழுத்து மறையும்.

ஜெனிக்கும் வியாபாரிக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா எப்போதும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் நிற்க வேண்டும். மறுபக்கம் போய் ஒரு ஷாட் எடுத்தால், இடப்பக்கம் இருந்தவர் வலப்பக்கம் வந்துவிடுவார். இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போலத் தோன்றும், எதிரெதிரே பேசுகிறார்கள் என்ற உணர்வு உடையும். கரையில் இதைக் காக்க ஒரு வழி இருக்கிறது. இருவரையும் கரைக்கு இணையாக நிறுத்துங்கள், கேமராவை நிலத்துப் பக்கமே வையுங்கள். எந்த ஷாட்டிலாவது பின்னணியில் கடல் போய்த் தென்னையும் வீடும் தெரிந்தால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

வெயில்தான் ஆளை நிறுத்தும் இடத்தைச் சொல்லும்

தெற்குவாடியில் கடல் தெற்கே. நிலத்தில் நின்று கடலை நோக்கிக் கேமரா வைத்தால் கிழக்கு இடப்பக்கம். காலை ஏழு மணிக்குச் சூரியன் தாழ்வாக இடமிருந்து அடிக்கும். ஜெனியை வலப்பக்கம் நிறுத்தினால் அவள் சூரியனை நேரே பார்க்க நேரும். கண் கூசும், இமை சுருங்கும், க்ளோஸப் வீணாகும். அவளை இடப்பக்கம் நிறுத்தினால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போகும், கூந்தலிலும் தோளிலும் விளிம்பு வெளிச்சம் விழும், கண் இயல்பாகத் திறந்திருக்கும். எனவே அவள் ஃப்ரேமுக்குள் வலப்பக்கமிருந்து நுழைந்து, தராசைக் கடந்து இடப்பக்க வண்டியை நோக்கிப் போய், குரல் கேட்டுத் திரும்ப வேண்டும். திரும்பியதும் இடப்பக்கம் நிற்பாள். கண் கூசும் சுமை வியாபாரிக்கு. அவருக்குத் தலையில் துண்டு கட்டிக் கொஞ்சம் முன்னே இழுத்துவிட்டால் நெற்றியில் நிழல் கிடைக்கும்.

ஜெனியின் முகம் இப்போது நிழலில். அதற்கு தெர்மாகோல். சினிமா யூனிட்டுகள் வெள்ளை தெர்மாகோல் பலகையைத்தான் காலம்காலமாகப் பிடிக்கின்றன. மீன் கரையில் அதைத் தேடி அலைய வேண்டாம், ஐஸ் பெட்டியின் மூடி அதுவேதான். கழுவித் துடைத்த மூடியைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் மார்பு உயரத்தில் பிடித்து, சூரிய வெளிச்சத்தை வாங்கி அவள் முகத்துக்குத் திருப்ப வேண்டும். ஒரு பாகத் தொலைவில், அதாவது இரு கையையும் விரித்த நீளத்தில் தொடங்கி, முகத்தில் வெளிச்சம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மெல்ல நெருங்குங்கள். தரையோடு தாழ்த்திப் பிடித்தால் தாடைக்குக் கீழிருந்து வெளிச்சம் ஏறி முகம் விகாரமாகும். கடற்காற்றில் மூடி பட்டமாகப் பறக்கும். பிடிப்பவருக்கு அந்த ஒரு வேலை மட்டும் கொடுங்கள்.

இந்த ஊரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5:50க்கும் 6:35க்கும் இடையில் உதித்துவிடும், மளமளவென்று மேலேறும். மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஒன்பதரைக்குப் பிறகு கண்ணுக்குக் கீழ் நிழல் விழத் தொடங்கும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், கண்குழி கறுத்துப்போகும். ஒரு ஷாட்டுக்குச் சராசரியாக இருபது நிமிடம் பிடித்தால் பத்து ஷாட்டுக்கு மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு முதல் ஷாட் ஓடினால்தான் சரிவரும். கொஞ்சம் தாமதமானாலும் கெடப்போவது கடைசியில் வைத்திருக்கும் க்ளோஸப்தான். எனவே வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே ஜெனியின் க்ளோஸப்பை எடுத்துவிடுங்கள். நோட்டு, தராசு, கை ஆகியவற்றைப் பின்னால் ஒரு நிழலில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளலாம்.

கேமராவில் நான்கு எண்கள்

வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 வினாடி. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப் லைட் எரியும் இடத்திலும் இந்த இரண்டு எண்ணும் இருந்தால் படம் துடிக்காது. நடக்கும் கை, கால் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் அளவு கலங்கலும் கிடைக்கும். ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐ.எஸ்.ஓ. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. வெள்ளை வெள்ளையாகத் தெரியவைக்கும் ஒயிட் பேலன்ஸ் 5600 கெல்வினில் பூட்டப்பட்டிருக்கட்டும். ஆட்டோவில் விட்டால் கூட்டத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் கடந்ததும் ஜெனியின் முகநிறம் மாறிவிடும்.

போனில் இதையெல்லாம் கையால் வைக்க, பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி போதும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிய பிறகே ரெக்கார்டு பட்டனைத் தொடுங்கள்.

கடற்கரையில் சிக்கல் வெளிச்சம் மிகுதியாக இருப்பது. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, ஷட்டர் 1/100 என்பது சரியான அளவு. எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். ஷட்டரை 1/50 ஆக்கி, பின்னணி மங்க எஃப் 2.8 வைக்க விரும்பினால் 6 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). அதற்கு நிறம் மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்.டி. 64 ஃபில்டர். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளை மாறாது என்பதால் அதற்கும் ஏறக்குறைய இதே அளவு வேண்டும். சுழற்றி அளவு மாற்றும் வேரியபிள் என்.டி. வாங்கினால் கடைசி எல்லை வரை சுழற்றாதீர்கள், ஃப்ரேமின் குறுக்கே பெருக்கல் குறி வடிவில் கறுப்பு விழும்.

ஃபில்டர் இல்லையென்றால் போன் தானாக ஷட்டரை 1/2000 போல ஏற்றிவிடும். நடை வெட்டிவெட்டித் தெரியும். இன்னொரு சேதமும் இருக்கிறது: சிவப்பு எண் ஒளிரும் மின்னணுத் தராசில் எண்கள் உண்மையில் தொடர்ந்து எரிவதில்லை, மாறி மாறி மிக வேகமாக அணைந்து எரிகின்றன. வேகமான ஷட்டரில் 8 என்பது 3 ஆகவோ பாதி எண்ணாகவோ பதியும். எடை தெரிய வேண்டிய ஷாட்டில் எடையே இருக்காது. 1/50 வைத்தால் இது சரியாகிவிடும்.

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், நல்ல டேக்கின் நடுவில் அழைப்பு வராது. வெயிலில் போன் சூடேறினால் திரை மங்கும், பிறகு ரெக்கார்டிங்கே நின்றுவிடும். ஷாட்டுக்கு ஷாட் நிழலில் வையுங்கள், ஐஸ் மேல் வைத்துவிடாதீர்கள், உள்ளே நீர் கோக்கும். உப்புத் தூவானம் லென்ஸில் படிந்தால் படம் முழுக்கப் பால் போலத் தெரியும், சின்னத் திரையில் அது கண்ணில் படாது. டேக்குக்கு முன் லென்ஸை நல்ல துணியால் துடைப்பதை ஒருவர் பொறுப்பாக்குங்கள்.

ஒலி

மாணவர் படங்களைக் கெடுப்பதில் முதலிடம் ஒலிக்குத்தான். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்துவிடுவார்.

காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே, மார்பெலும்பின் மேல் பொருத்துங்கள். பஞ்சுறை மட்டும் கடற்காற்றுக்குத் தாங்காது, முடி நிறைந்த காற்றுறை வேண்டும். துணிக்குள் மறைத்தால் துணி உரசும். மைக்கின் இருபுறமும் சின்ன மருத்துவ டேப் ஒட்டித் துணி அசையாமல் பிடித்தால் உரசல் குறையும். இன்னொரு போனில் மைக்கைச் செருகி நடிகரின் இடுப்பில் வைத்துத் தனியாகப் பதிவு செய்யலாம். 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், உரக்கப் பேசும் இடம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு கைத்தட்டு. எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் சேர்க்க அந்தச் சத்தம்தான் அடையாளம்.

காற்றை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். கச்சான் காற்று வீசும் தென்மேற்குப் பருவத்தில் தென்கரையில் அலையிரைச்சல் வசனத்தை விழுங்கும். அந்த மாதங்களில் வடகரையில் எடுப்பது நல்லது. வாடைக் காலத்தில் இது தலைகீழ். வடகரைக்கு மாறினால் கேமரா வடக்கே பார்க்கும், கிழக்கு வலப்பக்கம் வந்துவிடும். மேலே சொன்ன இடம் வலம் எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டும்.

நடிகர்கள் பேசி முடித்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டும்போது விழும் ஓட்டைகளை அடைக்க அதுதான் வேண்டும். ஏலக் குரல், தராசுத் தட்டில் கூடை விழும் சத்தம், நண்டுக் கால்கள் பிளாஸ்டிக்கில் கீறும் ஓசை, வள்ளத்தின் டீசல் என்ஜின் ஆகியவற்றை மைக்கை மிக அருகில் கொண்டுபோய்த் தனித்தனியே எடுத்துவையுங்கள். வசனமே கெட்டுப்போனால் டப்பிங் இருக்கிறது. கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார், அல்லது மெத்தை, போர்வை நிறைந்த அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு நடிகரைப் பேசவைத்தால் எதிரொலி இல்லாத குரல் கிடைக்கும்.

ஏலக்கரையில் எடுக்கும் முறை

ஏலம் உங்களுக்காக நிற்காது. வைட் ஷாட்டை மட்டும் உண்மையான ஏலத்தின்போது, கேட்டு அனுமதி வாங்கி, ஓர் ஓரத்திலிருந்து எடுங்கள். கூட்டம் கலைந்த பிறகு அதே இடத்தில் தராசை வைத்து மற்ற ஷாட்டுகளை எடுங்கள். முன்னால் இரண்டு மூன்று பேரைக் குறுக்கே நடக்கவைத்து, முன்பே பதிந்த ஏலச் சத்தத்தைக் கீழே ஓட்டினால் கூட்டம் இன்னும் இருப்பதாகவே தோன்றும். ஏலம் நடக்கும் நேரம் கரைக்காரர்களின் அன்றாடக் கூலி முடிவாகும் நேரம், வழியில் ட்ரைபாட் விரிப்பது அவர்களுக்கு நஷ்டம். முகம் தெரிபவர்களிடம் சம்மதம் கேளுங்கள், முடிந்த படத்தை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள்.

கோடை விடுமுறையில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், துறைமுகம் வெறிச்சோடும். நாட்டுப்படகு இறங்கும் கரைகளில் அப்போதும் வேலை நடக்கும், நமது காட்சிக்கு அது போதும்.

டிரோன் ஆசையைத் தள்ளிவைக்கலாம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் கருவியும் போகும், வழக்கும் வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக் கூடாது. ஜெனியின் கதைக்கு வானத்திலிருந்து பார்க்க எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

நடிக்காதவரை நடிக்கவைப்பது

வியாபாரியாக உண்மையான கரைக்காரர் ஒருவரே வந்தால் மிக நல்லது. அவரிடம் ‘கோபமா பாருங்க’ என்று சொல்லாதீர்கள். உணர்ச்சியைக் கேட்டால் எவரும் முகத்தைக் கோணுவார். செய்ய ஒரு வேலை கொடுங்கள்: ‘அண்ணே, நோட்டுல அந்த வரியத் தேடுங்க, கிடைச்சதும் திருப்பிக் காட்டுங்க.’ உண்மையிலேயே தேடட்டும். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு டேக்குக்கும் மாற்றிவையுங்கள். அவர் கண் தேடுவதைக் கேமரா அப்படியே எடுத்துக்கொள்ளும். வசனத்தை எழுதிக் கொடுக்காமல் பொருளைச் சொல்லி அவர் பேச்சிலேயே சொல்ல விடுங்கள். பிறகு ஒரே சொற்களை எல்லா டேக்கிலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெட்டும்போது ஒட்டாது.

ஜெனியாக நடிப்பவரிடம் அழச் சொல்ல வேண்டாம். நோட்டில் உள்ளதை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும் உடனே பதில் சொல்லாமல், பட்டையைப் பிடித்த பிறகு சொல்லச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் பார்வையாளர் தானே எல்லாவற்றையும் நினைத்துக்கொள்வார்.

எடுக்கும்போது ஒருவர் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பை எந்தத் தோளில், கூடையில் நண்டு எந்த மட்டம், பாவாடை ஓரம் எவ்வளவு ஈரம், பட்டையை எந்தக் கை பிடித்தது. ஒவ்வொரு ஷாட்டின் முடிவிலும் போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். ஈரம்தான் மிகவும் ஏமாற்றும். காலையில் நனைந்த துணி எட்டு மணிக்குள் காய்ந்துவிடும், ஒரு பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதே அளவுக்கு நனையுங்கள்.

வெட்டிச் சேர்ப்பது

அன்றே கோப்புகளை இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகுதான் கார்டை அழியுங்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும்.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு தட்டு சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார். முகம் ஒன்றேதான். பசி, துக்கம், ஆசை என்று பார்த்தவர்கள் தாங்களே அதில் கண்டார்கள் என்று சொல்வார்கள். ஜெனியின் க்ளோஸப் ஏன் நோட்டுக்குப் பிறகு வர வேண்டும் என்பதற்கு இதுதான் பதில். நோட்டுக்கு முன்னால் வைத்தால் அது வெறும் முகம். பின்னால் வைத்தால் 3,000 ரூபாயை மறைத்த அப்பா அந்த முகத்தில் தெரிவார்.

முதலில் இசை இல்லாமல், நிறம் மாற்றாமல், ஷாட்டுகளை வரிசையில் மட்டும் போடுங்கள். பிறகு வெட்டும் இடங்களைத் தேடுங்கள். கூடையைத் தராசில் வைக்கும் அசைவு பாதியில் இருக்கும்போது அடுத்த ஷாட்டுக்கு மாறினால் வெட்டு கண்ணில் படாது. வைத்து முடித்த பிறகு மாறினால் துள்ளும். வியாபாரியின் ‘ஜெனி…’ அவள் நடக்கும் ஷாட்டில் ஒலியாக வந்துவிட வேண்டும். ‘நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாப்லயே’ என்ற வரியை அவர் முகத்தில் வைக்காதீர்கள், ஜெனியின் முகத்தின் மேல் ஓடவிடுங்கள். பேசுபவரைக் காட்டுவது பழக்கம், கேட்பவரைக் காட்டுவதில்தான் கதை இருக்கிறது.

ஒருமுறை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். அவளுக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்பதாவது புரிய வேண்டும். அடுத்து படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள், எந்தச் சொல் கேட்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இசை வேண்டுமா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம். இந்தக் காட்சிக்குத் தேவைப்படாது என்பது எங்கள் கருத்து, கரையின் சத்தமே போதும்.

கதை தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும், நோட்டில் என்ன எழுதியிருந்தது, கடைசியில் அவள் சொன்னது நிஜமா என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் வண்டியைக் காட்டும் ஷாட் போதவில்லை. இரண்டாவதற்கு வரவில்லை என்றால் நோட்டை இன்னும் ஒரு வினாடி நிறுத்துங்கள், அல்லது மறுபடி எழுதி எடுங்கள். நோட்டு என்பதால் கரைக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை, அதே வெளிச்சமும் அதே விரலும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே எடுத்துவிடலாம். மூன்றாவதற்கு ‘நிஜம்’ என்று பதில் வந்தால் கோளாறு ஒலியில் இருக்கும்: ‘அப்பாட்ட இல்லையாம்’ என்ற வரி காற்றில் போயிருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் டப்பிங் செய்து சேர்த்துவிட்டு, வேறு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள்.